கார்த்திகையில் கொல்கத்தா: இடைப்பருவப் பயணத்தின் வரவும் செலவும்

வெப்பமண்டல நகரம் ஒன்றுக்கு எந்த மாதத்தில் செல்லலாம் என்று கேட்டால், வானிலை ஒரு விடை சொல்லும். விடுதியின் வாடகைப் பட்டியல் வேறொரு விடை சொல்லும். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒத்துப்போகும். வானம் தெளிந்தால் வாடகை ஏறும், மழை பிடித்தால் இறங்கும். ஆனால் ஆண்டில் சில வாரங்கள் இந்த ஒழுங்குக்கு உட்படாமல் நிற்கின்றன. வானிலை ஏறக்குறைய சீராகியிருக்கும். கூட்டமோ வந்து போயிருக்கும், அல்லது இனிமேல்தான் வரவேண்டியிருக்கும். அந்த வாரங்களையே சுற்றுலாத் தொழிலில் இடைப்பருவம் என்கிறார்கள்.

இந்தக் கணக்கு உலகெங்கும் ஒன்றுதான். நடு அமெரிக்காவில் கோஸ்டா ரிகாவின் தலைநகரான சான் ஹோசேயில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். மழை மாதங்களுக்குப் 'பசுமைப் பருவம்' என்று அழகாகப் பெயர் சூட்டி, குறைந்த வாடகையில் விருந்தினரை அழைப்பது அந்நாட்டு விடுதிகளின் வழக்கம். நடு அமெரிக்காவின் மற்றொரு நாடான குவாத்தமாலாவின் அன்டிகுவா நகரில், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் நடைபெறும் ஊர்வலங்களைக் காண ஊர் நிரம்பிவிடும். அறைகளுக்கு அலைய நேரும். ஊர்வலம் முடிந்து, மே மாத மழை தொடங்கும் வரை ஒரு சிறு இடைவெளி. அதுவே அங்கு இடைப்பருவம். ஈஸ்டர் ஆண்டுதோறும் இடம் மாறுவதால் அந்த இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும்.

திருவிழாவும் மழையும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கும் இதே நிலைமை நம் நாட்டில் கொல்கத்தாவில் காணக்கிடைக்கிறது; வரிசை மட்டும் வேறு. அங்கே முதலில் மழை, பிறகு திருவிழா, பிறகு இடைவெளி, அதன்பின் குளிர்காலக் கூட்டம். பணி மாறுதலில் மூன்றாண்டுகள் அந்நகரில் இருந்தபோது லேக் மார்க்கெட்டுக்கு அருகில் குடியிருந்தேன். காளிகட்டும் பேலூர் மடமும் கங்காசாகரும் ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடு, "எப்போது வரலாம்?" என்று ஊரிலிருந்து கேட்காத உறவினர் இல்லை. பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். பணிக்கொடையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி வைத்தவர்கள். அவர்களுக்கு இது மறுமுறை வாய்க்காத பயணம். ஆகவே தேதியைத் தேர்ந்தெடுப்பது சிறிய முடிவன்று.

தீபாவளியிலிருந்து எண்ணுக

கொல்கத்தாவில் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதியில்தான் விலகுகிறது. துர்கா பூஜையோ செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் பிற்பகுதிக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். பூஜை முன்கூட்டியே வரும் ஆண்டில் மழையும் விழாவும் மோதிக்கொள்ளும். 2025-இல் அவ்வாறே நேர்ந்தது. செப்டம்பர் 28 அன்று சஷ்டி. அதற்கு ஐந்தாறு நாள் முன்னதாக ஒரே இரவில் கொட்டிய மழையில் நகரம் மூழ்கியது. 24 மணி நேரத்தில் பதிவான அளவு 250 மில்லிமீட்டரைத் தாண்டியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் இந்த நாள்களை ஒட்டியே வருவதால், குழந்தைகளோடு கிளம்பும் குடும்பங்கள் அறியாமல் வந்து மாட்டிக்கொள்வதும் இப்போதுதான். அதிக வாடகை, அதிக நெரிசல், அதிக மழை ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் வாரம் அது.

துர்கா பூஜையைப் பார்ப்பதற்காகவே செல்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. 2021-இல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விழா அது. அதற்குரிய விலையைக் கொடுத்துத்தான் காண வேண்டும். நகரத்தைக் காண விரும்புவோருக்கே இக்கட்டுரை.

துர்கா பூஜைக்குப் பின் லட்சுமி பூஜை, அடுத்து தீபாவளியன்று காளி பூஜை, இரண்டாம் நாள் உடன்பிறந்தோருக்கான பாய் ஃபோட்டா, ஆறாம் நாள் பீகார் மக்களின் சட் பூஜை. இவையெல்லாம் முடிந்த பிறகே ஊர் மூச்சு விடுகிறது. ஆகையால் ஆங்கில மாதத்தை வைத்துத் தேதி குறிப்பதில் பயனில்லை. தீபாவளி 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. ஏறக்குறைய மூன்று வாரம் தள்ளிப்போகிறது. தீபாவளி கழிந்து ஒரு வாரம் விட்டுத் தொடங்கி, மார்கழி பிறக்கும் வரை என்று கணக்கு வைத்துக்கொண்டால் எந்த ஆண்டுக்கும் பிசகாது. நம் பஞ்சாங்கத்தில் ஏறத்தாழ கார்த்திகை மாதம். அந்நாள்களில் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியிருந்து மெல்லக் குறையும். இரவில் 20-க்குக் கீழே இறங்கும். வங்கத்துக்கே உரிய அந்தப் புழுக்கம் விலகியிருக்கும். ஒரு போர்வையும் மெல்லிய சால்வையும் போதும். தமிழ்நாட்டில் அடைமழை பெய்துகொண்டிருக்கும் வேளையில் அங்கே வெயில் இதமாகக் காயும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து மீண்டும் விலை ஏறத் தொடங்கும். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காண பார்க் தெருவில் திரளும் மக்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் வங்காளிகள், ஜனவரி நடுவில் மகர சங்கராந்திக்குக் கங்காசாகர் செல்லும் யாத்திரிகர்கள் என அடுத்தடுத்துக் கூட்டம். மாசி மாதத்தில் இன்னோர் இடைப்பருவம் உண்டு. ஆனால் அது குறுகியது. பங்குனியில் வெயில் ஏறி, மாலை நேரப் புயல்காற்றான கால்பைசாகி வீசத் தொடங்கிவிடும். அரையாண்டுத் தேர்வு காரணமாகக் கார்த்திகையில் கிளம்ப இயலாத குடும்பங்களுக்கு மாசியும் எளிதாக இராது; ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். வெளிப்படையாகச் சொல்வதானால், இடைப்பருவம் பள்ளிக் குழந்தைகள் இல்லாத வீட்டாருக்குக் காலம் அளிக்கும் சலுகை.

அறைக்கு இடைப்பருவம் உண்டு, இரயிலுக்கு இல்லை

கூட்டம் குறைந்த நாள்களில் இரயிலிலும் இடம் எளிதாகக் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. சென்னை–ஹவுரா தடத்தில் அந்த எண்ணம் பொய்த்துவிடும். வேலூருக்கும் சென்னைக்கும் மருத்துவத்துக்காக வரும் வங்காள, வடகிழக்கு மாநில மக்களால் இத்தடம் ஆண்டு முழுவதும் நிரம்பி வழிகிறது. நோய்க்குப் பருவமில்லை. மேலும், பூஜை விடுமுறையில் இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சுற்றுலா வந்த வங்காளிகள் ஊர் திரும்புவதும் இந்த வண்டிகளில்தான். தீபாவளியை ஒட்டிய நாள்களில் வடக்கே செல்லும் வண்டிகளில் இடம் அரிது.

எனவே சேமிப்பை அறையில் எதிர்பார்க்கலாம். இரயிலில் எதிர்பார்க்கக் கூடாது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அறுபதாம் நாள் காலை 8 மணிக்கே போவதற்கும், திரும்பும் தேதிக்குரிய அறுபதாம் நாளில் வருவதற்கும் பதிவு செய்துவிடுவது நல்லது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தொடர்கிறது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டில் இருவர் வரைதான் பதிவு செய்ய முடியும். நால்வர் சேர்ந்து போனால் இரண்டு சீட்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரே சீட்டாக எடுத்துவிட்டு மேல்படுக்கையில் ஏற முடியாமல் திண்டாடிய முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோரமண்டல் விரைவு வண்டி இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை. ஷாலிமார் நிலையத்தில் நின்றுவிடுகிறது. ஹவுரா மெயில் ஹவுராவுக்கே செல்கிறது. சுமார் 1,660 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கும் பயணத்தின் முடிவில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஹவுராவில் இறங்கினால், 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவில் எஸ்பிளனேடு வரை வந்து, அங்கே நீலத் தடத்துக்கு மாறிக் காளிகட்டு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கு நோக்கிச் சிறிது நடந்தால் லேக் மார்க்கெட். பெட்டி கனமாக இருந்தால் ஷாலிமாரே மேல். வித்யாசாகர் பாலம் வழியாக வாடகைக் காரில் நேரே வந்துவிடலாம். விமானத்தில் வருவோருக்கும் 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ வசதி உண்டு; விமான நிலையத்திலிருந்து நோவாபாரா வந்து நீலத் தடத்துக்கு மாற வேண்டும்.

இனி அறை. இங்கே வரியும் ஒரு வேலை செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. உச்சப் பருவத்தில் 8,000 ரூபாய்க்கு விடப்படும் அறை இடைப்பருவத்தில் 6,500-க்குக் கிடைப்பதாகக் கொள்வோம். வாடகையில் வேறுபாடு 1,500 ரூபாய்தான். ஆனால் முன்னதற்கு வரியோடு 9,440, பின்னதற்கு 6,825. கையிலிருந்து போவதில் வேறுபாடு 2,615. ஐந்து இரவுகளுக்கு 13,075. வரம்பின் இருபுறமும் அமையும் அறைகளில் மட்டுமே இந்தப் பாய்ச்சல் நிகழும். நம்மில் பலர் தங்கும் எளிய விடுதிகளில், 3,200 ரூபாய் அறை 2,400-க்குக் கிடைத்தால், வரியும் சேர்த்து நாளுக்கு 840, ஐந்து இரவுக்கு 4,200 ரூபாய் மிஞ்சும். இவை கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள். அறைக்கு அறை மாறும்.

தள்ளுபடியின் மறுபக்கம்

அந்த 4,200 ரூபாயை இலாபம் என்று எழுதிக்கொள்ள வணிகவியல் படித்த மனம் ஒப்புவதில்லை. விடுதிக்காரர் நம்மீது இரக்கப்பட்டு வாடகையைக் குறைக்கவில்லை. கூட்டம் வராத காலத்தில் ஏதோ ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அந்த இடரை நாம் ஏற்றுக்கொள்வதற்குத் தரப்படும் விலையே தள்ளுபடி. கார்த்திகைக் கொல்கத்தாவில் அந்த இடரின் பெயர் வங்கக்கடல் புயல்.

2019 நவம்பர் 9 இரவு புல்புல் புயல் சாகர் தீவுக்கு அருகே கரையைக் கடந்தது. கொல்கத்தா விமான நிலையத்தில் அன்று மாலை முதல் மறுநாள் காலை வரை விமானங்கள் நிறுத்தப்பட்டன. இடர் கொல்கத்தா முனையில் மட்டும் இருப்பதாகவும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தி, ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியபோது, சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் பல நிறுத்தப்பட்டன; விமான நிலையமும் மூடப்பட்டது. ஹவுரா செல்லும் தண்டவாளம் சென்னை தொடங்கிப் பெரும்பாலும் வங்கக்கடலோரமாகவே ஓடுகிறது. நெல்லூர், விசாகப்பட்டினம், பாலாசோர் என்று எங்கே புயல் தொட்டாலும் பயணம் தடைபடும்.

இந்த ஆபத்தைப் பற்றி அறிவித்து எச்சரிக்கும் அமைப்பே கொல்கத்தாவின் துயரத்திலிருந்து பிறந்ததுதான். 1864 அக்டோபரில் அந்நகரைத் தாக்கிய பெரும்புயலும், அதற்குப் பின் 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்ததும் சேர்ந்து, 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றக் காரணமாயின. இன்று அத்துறை புயல் உருவாகும் சாத்தியத்தைச் சில நாள்களுக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. அந்த நாள்களில் என்ன செய்ய முடியும் என்பது நாம் எடுத்த சீட்டையும் அறையையும் பொறுத்தது.

மேற்சொன்ன எளிய விடுதிக் கணக்கையே மீண்டும் பார்ப்போம். வண்டி நிறுத்தப்பட்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அறை வாடகை மட்டும் 5,040 ரூபாய். மிஞ்சிய 4,200 அதில் கரைந்து, மேலும் 840 கையிலிருந்து போகும். உணவுச் செலவு தனி. ஆகவே தள்ளுபடியாகக் கிடைத்ததைக் கொண்டு உயர்ந்த அறைக்கு மாறுவதோ, கூடுதலாகப் புடவை வாங்குவதோ வேண்டாம். வராக்கடனுக்கு வங்கிகள் ஒதுக்கீடு செய்வதுபோல, அத்தொகையை அப்படியே ஒதுக்கி வைத்து ஊர் திரும்பிய பிறகு எடுத்துச் செலவழிப்பதே முறை. புயல் வராவிட்டால் அப்போது அது உண்மையிலேயே இலாபம்.

அறையைப் பதிவு செய்யும்போது, பணம் திரும்பக் கிடைக்காத குறைந்த வாடகையும், முந்தைய நாள் வரை இரத்து செய்யக்கூடிய சற்றே கூடிய வாடகையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டப்படும். மற்றப் பருவங்களில் முன்னதைத் தேர்ந்தெடுக்கலாம். புயல் மாதத்தில் பின்னதற்குச் செலுத்தும் கூடுதல் தொகை மலிவான காப்பீடு. இரயில்வே தானாக வண்டியை நிறுத்தினால் கட்டணம் முழுவதும் திரும்பும். இணையவழிச் சீட்டுக்குத் தனியே விண்ணப்பிக்கவும் வேண்டாம். நாமாக இரத்து செய்தால் புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ஆகையால் புயல் எச்சரிக்கை வந்தவுடன் பதற்றத்தில் சீட்டை இரத்து செய்யாமல், இரயில்வேயின் அறிவிப்புக்குச் சற்றுப் பொறுத்திருப்பது பணத்தைக் காக்கும். பணம் எந்தக் கணக்கிலிருந்து சென்றதோ அதற்கே திரும்பும். உறவுக்காரப் பையனின் கணக்கில் சீட்டு எடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் கேட்கத் தயங்கும் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

வேறிரண்டு குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை ஓய்ந்த பிறகும் நவம்பர் வரை கொல்கத்தாவில் டெங்கு நீடிப்பது வழக்கம். முழுக்கைச் சட்டையும் கொசுவிரட்டியும் அவசியம். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் தங்குமிடத்துக்கு அருகே எவை என்று குறித்துக்கொள்ளுதல் நலம். மற்றொன்று பகலின் நீளம். கொல்கத்தா கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் கார்த்திகையில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக. மதியம் உண்டு உறங்கி எழுந்து நான்கு மணிக்குக் கிளம்பும் நம் வழக்கம் அங்கே செல்லாது. காலை ஆறரைக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும்.

லேக் மார்க்கெட்டில் தங்குவதன் பொருள்

நகரின் நடுவே பார்க் தெருவிலோ சதர் தெருவிலோ தங்காமல் ஏன் தெற்கே வரவேண்டும்? முதியோருக்கு உணவு ஒரு பெரிய காரணம். ஆங்கிலேயர் காலத்திலிருந்து கணக்கர், தட்டச்சர், சுருக்கெழுத்தர் எனக் கொல்கத்தா அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த தென்னிந்தியர் குடியேறிய பகுதி இது. (அறிவியலாளர் சி. வி. ராமன் 1907-இல் அந்நகருக்கு வந்ததும் நிதித் துறையின் கணக்கு அதிகாரியாகத்தான் என்பதை எங்களைப் போன்றோர் சற்றுப் பெருமையோடு நினைத்துக்கொள்வதுண்டு.) பழைய சந்தை இருந்த இடத்தில் இன்று லேக் மால் எழுந்து நிற்கிறது. ஆனாலும் சுற்றியுள்ள நடைபாதைகளில் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தொடுத்த பூ எல்லாம் கிடைக்கின்றன. அப்போது அரைத்த காப்பித்தூள் மணக்கும் கடைகள் உண்டு. இட்லியும் சாம்பாரும் தரும் உணவகங்கள் நடக்கும் தொலைவில் உள்ளன. தமிழில் விலை சொல்லும் வங்காளிக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் இன்பமும் உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று ஊரில் இல்லையே என்று வருந்துவோர் அந்த மாலையில் இத்தெருக்களில் நடந்து பார்க்கலாம். சில வாசல்களில் அகல் எரியும்.

காலை நடைக்கு ரவீந்திர சரோவர் உண்டு. 1920-களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வெட்டிய ஏரி இது. தக்குரியா ஏரி என்ற பழைய பெயரை மாற்றி 1958-இல் ரவீந்திரநாதரின் பெயர் சூட்டினர். குளிர் தொடங்கும்போது வலசைப் பறவைகள் வந்து சேரும். அருகிலேயே 1935-இல் ஜப்பானியத் துறவி நிச்சிதத்சு ஃபூஜி நிறுவிய பௌத்த ஆலயம். சட் பூஜை நாள்களில் மாசைத் தடுக்க ஏரி வளாகத்தைப் பூட்டிவிடுவது அண்மைக்கால வழக்கம். தீபாவளியை ஒட்டி வருவோர் கவனிக்க.

காளிகட்டு கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பூஜைக் கூட்டம் கலைந்த வார நாள் காலையில் நெரிசலின்றித் தரிசிக்க முடிவதே கார்த்திகையின் பெரிய பேறு என்பேன். சனியும் செவ்வாயும் வேண்டாம். விக்டோரியா நினைவு மண்டபத்தின் கூடங்களும் 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகமும் திங்களன்று விடுமுறை. ஒரு நாளை ஹவுராவிலிருந்து மின்சார இரயிலில் சந்தன்நகருக்கு ஒதுக்கலாம். புதுச்சேரி, காரைக்காலைப் போல பிரெஞ்சுக்காரர் வசமிருந்து 1950-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்த ஊர் அது. தீபாவளிக்குப் பின் ஒன்பதாம் நாளை ஒட்டி நடைபெறும் ஜகத்தாத்ரி பூஜையின் விளக்கு அலங்காரத்துக்குப் புகழ்பெற்றது. விழா நாளில் அங்கும் நெரிசல்தான். மறுவாரம் சென்றால் ஆற்றங்கரை நமக்கே. கங்காசாகருக்குக் கக்த்வீப் அருகே படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் படகு நின்றுவிடும், கடல் கொந்தளித்தால் சேவையே இராது. அதைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கக் கூடாது.

கார்த்திகை பிற்பாதியில் செல்வோருக்கு ஒரு கூடுதல் ஆதாயம்: ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லமான நொலேன் குர் அப்போதுதான் சந்தைக்கு வரத் தொடங்கும். அதில் செய்த சந்தேஷ் கோடையில் கிடைப்பதற்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று.

புறப்படுமுன்

நவம்பர் மாதப் பயணத்தில் ஓய்வூதியர் மறக்கக் கூடாத ஒன்று வாழ்நாள் சான்றிதழ். மத்திய அரசு ஓய்வூதியர்கள் அதை நவம்பர் 1 முதல் 30-க்குள் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தோர் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். கொல்கத்தாவிலிருந்து திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, புயலால் இரண்டு நாள் தாமதமாகி டிசம்பர் பிறந்துவிட்டால் ஓய்வூதியம் தடைபடும். முடிந்தவரை கிளம்புமுன் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால், ஓய்வூதியம் பெறும் வங்கியின் எந்தக் கிளையிலும், கொல்கத்தாக் கிளை உட்பட, நேரில் அளிக்கலாம். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிக் கைப்பேசியிலேயே முடித்துவிடவும் வழியுண்டு.

செலவுக்குக் கடனட்டையை நம்புவதைவிட, முந்தைய கார்த்திகையில் ஒரு தொடர் வைப்பைத் தொடங்குவது எளிது. மாதம் 3,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணையில் அசல் மட்டும் 36,000, அதன்மேல் வட்டி. கடனட்டை நிலுவைக்கோ மாதத்துக்கு 3 விழுக்காட்டை ஒட்டி நாம் வட்டி செலுத்த வேண்டியிருக்கும். அறைத் தள்ளுபடியில் மிஞ்சியதெல்லாம் அவ்வழியே போய்விடும்.

கொல்கத்தா பெருநகரப் பட்டியலில் உள்ளதால் பிற வங்கி ஏடிஎம்களில் மாதத்துக்கு மூன்று பரிவர்த்தனைகளே கட்டணமின்றிச் செய்யலாம். நம் வங்கி ஏடிஎம்மில் ஐந்து. பெரும்பாலான கடைகளில் யுபிஐ செல்லும். பேருந்துக்கும் படகுக்கும் சில்லறை வேண்டும்.

கடைசியாக, அறைக்கு முன்பணம் செலுத்தும் முறை. விடுதியின் பெயரை இணையத்தில் தேடி முதலில் தென்படும் கைப்பேசி எண்ணை அழைத்து, மறுமுனையில் பேசுபவர் அனுப்பும் குறியீட்டுக்குப் பணம் செலுத்துவோர் ஏமாறுவதை வங்கியில் அடிக்கடி காண்கிறோம். பணம் பெறுபவராகத் திரையில் தனிநபர் பெயர் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி உங்கள் யுபிஐ இரகசிய எண்ணைப் பதிவிடச் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டதாக ஐயம் எழுந்த மறுகணமே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பயணத்தில் இருக்கிறோம், ஊர் போய்ப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டால் பணம் பல கணக்குகள் கடந்து போய்விட்டிருக்கும்.